அழைப்பும் இல்லறமும்: கொடுமுடிப் பதிகத்தின் பின்னணியில் இரட்சணிய யாத்திரிகம்

ஆய்வுச்சுருக்கம்

இறையழைப்பை ஏற்ற ஒருவர் தம் குடும்பத்தை எங்ஙனம் எதிர்கொள்கிறார் என்பது தமிழ்ச் சமய இலக்கியத்தின் நெடுநாளைய வினா. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் இவ்வினாவுக்கு அளிக்கும் விடையைச் சுந்தரர் வரலாற்றோடு ஒப்பிட்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பயணம் தொடங்குவோனின் அகத்துயரைக் காப்பியம் செம்மையுறக் காட்டினும், வீட்டில் எஞ்சியோர்க்கு அதில் உரிய இடமில்லை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கிருஷ்ணபிள்ளை, சீடத்துவம், சமயமாற்றம், இல்லறம், சுந்தரர், கொடுமுடி.

முன்னுரை

கொங்கு நாட்டின் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்று காவிரிக்கரையில் அமைந்த திருப்பாண்டிக்கொடுமுடி. சுந்தரர் இத்தலத்தில் பாடிய நமச்சிவாயத் திருப்பதிகம் ஏழாம் திருமுறையில் 48ஆம் பதிகமாக உள்ளது. பிற பற்றுகள் யாவும் நீங்கி இறைவன் திருவடியொன்றே பற்றாக நிற்கும் நிலையை அது பேசுகிறது. எனினும், பாடியவர் துறவியல்லர். சேக்கிழார் வைப்புமுறைப்படி, திருவாரூரில் பரவையாரை மணந்த பின்னரே அவர் கொங்கு நாட்டுத் தலங்களை வணங்கச் செல்கிறார். பற்றறுத்தலும் இல்லறமும் ஒருவரிடத்தே இணைந்திருக்கும் இம்மரபு, பிற்காலக் கிறித்தவத் தமிழ்க் காப்பியத்தை அளக்க ஒரு கருவியாகிறது.

வாழ்வும் சட்டமும்

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். இவருடைய தம்பி முத்தையா பிள்ளையும் கிறித்தவம் தழுவியவர். அக்காலச் சமயமாற்றம் தனிமனித நம்பிக்கையோடு நின்றதன்று. உடனுண்ணல், மணவுறவு, சொத்துரிமை, ஈமக்கடன் ஆகிய அனைத்தையும் தொட்டது. சமயம் மாறியவர் உரிமை இழத்தலாகாது என 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் விதித்தது. சமயமாற்றம் காரணமாகத் துணையால் கைவிடப்பட்ட கிறித்தவர் மணமுறிவு பெற 1866ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் வழிசெய்தது. ஒருவர் மாறினால் குடும்பம் பிளவுறக்கூடும் என்பதை அரசே எதிர்பார்த்திருந்தது என்பதற்கு இவ்விரு சட்டங்களும் சான்று. கிருஷ்ணபிள்ளையின் திருமுழுக்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தது.

காப்பியத்தில் பிரிவு

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவக நூலின் முதற்பகுதியைத் தழுவி, 3,000க்கும் மேற்பட்ட பாடல்களில் அமைந்த இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது. மூலத்தில் கதைத்தலைவன் தன் அச்சத்தை முதலில் மனைவி மக்களிடமே உரைக்கிறான். அவர்கள் அதனைச் சித்தப்பிழை எனக் கருதி அவனை உறங்கச் செய்கின்றனர். விடிந்தும் அச்சம் தணியாமை கண்டு கடிந்துகொள்கின்றனர். இறுதியில் அவன் செவிகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். இப்பிரிவை அடித்தளமாகக் கொண்டே தமிழ்க் காப்பியமும் நடக்கிறது.

கிருஷ்ணபிள்ளை செய்த மாற்றங்கள் இருவகைப்படும். ஒன்று, குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளை விரிவாக அமைத்தமை. இதனால் பயணத்தின் உந்துவிசை அழிவச்சம் என்னும் நிலையினின்று அன்பின் ஈர்ப்பு என்னும் நிலைக்கு உயர்கிறது. மற்றொன்று, காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாடல்களைச் சேர்த்தமை. வைணவக் குடியில் பிறந்து கம்பனில் தோய்ந்த ஒருவர், கிறித்தவப் பயணிக்குச் சைவப் பதிகத்தின் பெயரை வழங்குவது குறிப்பிடத்தக்கது. சமயம் மாறினும் பக்தியின் மொழியை அவர் துறக்கவில்லை. குடும்பத்தைப் பிரிந்த பயணி தமிழ் மரபைப் பிரியவில்லை எனலாம்.

தடுத்தாட்கொள்ளலும் புறப்பாடும்

சுந்தரர் வரலாற்றிலும் அழைப்பு குடும்ப வாழ்வின் வாயிலிலேயே நிகழ்கிறது. புத்தூரில் திருமணம் நடைபெறும் வேளையில் முதிய அந்தணராக வந்த இறைவன், அடிமை ஓலை காட்டி மணத்தைத் தடுக்கிறான். இடைமுறிவு என்ற அளவில் இது பனியனின் கதைக்கு நிகரானது. ஆயின், சேக்கிழார் மணமகளை மறந்துவிடவில்லை. சடங்கவியாரின் மகள் சுந்தரரையே நினைந்திருந்து சிவலோகம் எய்தினாள் என அவளுக்கும் ஒரு முடிவு தருகிறார். திலகவதியார் வரலாறோ இதற்கு மறுதலையானது. சமண் சார்ந்த தம்பியை அவர் திருவதிகையில் இருந்தவாறே வேண்டிப் பெறுகிறார். அங்குச் சமயமாற்றம் வீட்டைவிட்டு அகலும் நிகழ்வன்று. தமக்கையிடம் மீளும் நிகழ்வு.

இவ்வளவுகோலால் நோக்கின் இரட்சணிய யாத்திரிகத்தின் குறை புலனாகும். பனியன் தம் முதற்பகுதியின் இக்குறையை உணர்ந்தார் எனக் கொள்ள இடமுண்டு. 1684இல் அவர் எழுதிய இரண்டாம் பகுதி, மனைவியும் நான்கு மைந்தரும் மேற்கொண்ட பயணத்தைக் கூறுகிறது. தமிழ்க் காப்பியத்தில் அத்தகைய பகுதி இல்லை. தலைவன் வானக நகரை எய்தும்போது அவன் இல்லாள் யாது செய்தாள் என்னும் வினா விடையின்றி நிற்கிறது.

காப்பியத்துக்கு ஒரு தலைவன் போதும் என இதற்கு மறுப்புரைக்கலாம். விவிலியமே குடும்பத்தினும் மேலான பற்றைச் சீடரிடம் வேண்டுகிறது எனவும் கூறலாம். ஆனால், அதே விவிலியத்தில் நம்பிக்கை கொள்ளாத துணையை, அவர் உடன்வாழ இசையும்வரை, விலக்கலாகாது எனப் பவுல் கொரிந்தியர்க்கு அறிவுறுத்துகிறார். பிலிப்பி நகரச் சிறைக்காவலன் தன் வீட்டாரோடு திருமுழுக்குப் பெறுகிறான். ஆகவே, பிரிவு ஒன்றே சீடத்துவத்தின் வடிவமன்று. கிருஷ்ணபிள்ளையின் சொந்த வாழ்வும் இதனை உறுதிப்படுத்துகிறது; பின்னாளில் அவர் குடும்பமும் அதே திருச்சபையைச் சேர்ந்தது. வாழ்வில் நிகழ்ந்த இவ்விணைவு காப்பியத்துள் இடம்பெறவில்லை.

இவ்விடைவெளியை வேறொரு நூல் காட்டித் தருகிறது. சென்னையில் வாழ்ந்து 1894இல் மறைந்த கிருபாபாய் சத்தியநாதன் ஆங்கிலத்தில் எழுதிய சகுணா புதினம், சமயம் மாறிய தந்தையோடு தாய் ராதாவின் தயக்கத்தையும் அச்சத்தையும் மகளின் நோக்கில் விரிக்கிறது. உருவகம் விட்டுச்செல்லும் அடுக்களையும் வாசலும் அங்குக் கதைக்களமாகின்றன. பருவங்களாகப் பகுத்துத் தலைவனின் வழியை மட்டும் தொடரும் காப்பிய வடிவத்திற்கு எட்டாத அனுபவம், புதின வடிவத்திற்கு எளிதாகிறது.

முடிவுரை

இரட்சணிய யாத்திரிகத்தைத் தழுவல் நூல் என்றோ கம்பனின் வழிநூல் என்றோ மட்டும் மதிப்பிடுவது போதாது. அழைப்பை ஏற்றவனின் தனிமையைத் தமிழ்ப் பக்திமொழியில் வைத்தமை அதன் வெற்றி; அழைப்பைக் கேளாதவரின் தனிமைக்குச் செவி தராமை அதன் எல்லை. கொடுமுடிப் பதிகத்தின் ஆசிரியர் பற்றறுத்த பின்னும் பரவையாரின் வாயிலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவள் ஊடலுக்கு விடை கூறவும் வேண்டியிருந்தது. அத்தகைய மீள்வரவு கிருஷ்ணபிள்ளையின் பயணிக்கு வாய்க்கவில்லை. கிறித்தவத் தமிழ் இலக்கிய ஆய்வு, புறப்பட்டோரின் கூற்றுகளோடு வீட்டில் இருந்தோரின் கூற்றுகளையும் நாட்குறிப்பு, கடிதம், தன்வரலாறு ஆகியவற்றில் தேடித் தொகுப்பின், காப்பியம் பாடாது விட்ட இரண்டாம் பகுதி ஓரளவேனும் துலங்கும்.