ஐந்து வருடத்தை ஒரு புள்ளியாக்கும் வரைபடங்கள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஔஸ்லி என்று ஒரு மலைப்பகுதிக் கவுண்டி இருக்கிறது. 2000 சென்சஸில் மக்கள்தொகை 4,858, 2020-ல் 4,051. "நாட்டின் மிக ஏழ்மையான கவுண்டி" என்ற தலைப்பில் கட்டுரை எழுதுபவர்கள் அடிக்கடி இங்கேதான் போவார்கள். அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு கோட்டு வரைபடம் இருக்கும்: 2000-ல் இருந்து இன்றுவரை இடைநிலைக் குடும்ப வருமானம், வருடத்துக்கு ஒரு புள்ளி. என் விமர்சனம் இந்த வகை வரைபடத்தின் மேல்தான்.

முதல் புள்ளியைப் பாருங்க. 2000 சென்சஸ் சொல்லும் 15,805 டாலர் உண்மையில் 1999-ம் வருட வருமானம். நாடு முழுக்க ஏறத்தாழ ஆறு வீட்டுக்கு ஒரு வீட்டில் நீண்ட படிவம் கொடுத்துக் கேட்டது. 2010-ல் அந்தப் படிவமே இல்லை. அதன் இடத்துக்கு வந்தது அமெரிக்கச் சமூக சர்வே (ஏசிஎஸ்). இது மாதாமாதம் ஓடும், "கடந்த 12 மாத வருமானம்" என்று கேட்கும். கேள்வி வேற, காலம் வேற, சாம்பிள் அளவும் வேற. லாகிங் கோடை நடுவில் மாற்றிவிட்டு, பழைய லாகையும் புது லாகையும் ஒரே கிராஃபில் போட்ட மாதிரிதான் இது.

அடுத்த சிக்கல் இன்னும் பெரிசு. ஏசிஎஸ் ஒரு வருட மதிப்பீட்டை 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான் வெளியிடும். ஔஸ்லி மாதிரி இடத்துக்கு ஐந்து வருடப் பதில்களைச் சேர்த்து ஒரே எண்தான். 2005–09 மதிப்பீட்டை எடுத்துக்குவோம். 2005 ஜனவரியில் பேசிய குடும்பம் 2004-ன் வருமானத்தைச் சொல்கிறது. 2009 டிசம்பரில் பேசிய குடும்பம் அந்த வருட நவம்பர் வரை சொல்கிறது. அதாவது கிட்டத்தட்ட ஆறு வருடம் ஒரே எண்ணுக்குள். 2007 டிசம்பரில் தொடங்கிய பொருளாதார மந்தமும் அதற்குள்ளேயே அடக்கம். இதை "2009" என்று குறித்துவிட்டு "மந்தத்தால் வருமானம் விழுந்தது" என்று எழுதினால் அது வெறும் ஊகம்.

அடுத்த வருடம் வரும் 2006–10 எண்ணில் நான்கு வருடப் பதில்கள் பழையவைதான். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை இணைத்தால் கோடு வழவழப்பாகத் தெரியும், ஆனால் அது போக்கு கிடையாது. ஒன்றின்மேல் ஒன்று படியாத காலங்களைத்தான் ஒப்பிட வேண்டும்: 2005–09, 2010–14, 2015–19.

அப்படி ஒப்பிட்டாலும் பிழை வரம்பு இருக்கு. கற்பனை எண் ஒன்று: முதல் காலம் 20,000, பிழை வரம்பு 3,000. இரண்டாம் காலம் 23,000, பிழை வரம்பு 2,500. வித்தியாசம் 3,000. அதன் பிழை வரம்பு இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 3,900. "15 சதவீத வளர்ச்சி" என்ற தலைப்பு அங்கேயே காலி.

"அப்போ சைப் இருக்கே?" என்று கேட்பீர்கள். சென்சஸ் பீரோவின் அந்த சிறுபகுதி மதிப்பீடு எல்லாக் கவுண்டிக்கும் வருடாவருடம் எண் தருகிறது. நல்ல வேலைதான், ஃபே, ஹெரியட் 1979-ல் எழுதிய கட்டுரையின் வழியில் வந்தது. நேரடி சர்வே எண்ணையும், வரி ரிட்டர்ன் போன்ற தகவல்களை வைத்து ஒரு மாடல் சொல்லும் எண்ணையும் நம்பகத்துக்கு ஏற்ற எடை போட்டுக் கலக்கிறது. ஊர் சின்னதாக ஆக, மாடலின் எடை கூடும். அதனால் சின்னக் கவுண்டியில் சைப் எண்ணையும் வரித் தகவலையும் பக்கத்தில் வைத்து "இரண்டும் ஒத்துப்போகுது, பாருங்க" என்றால், கண்ணாடியைப் பார்த்து சாட்சி கேட்ட கதைதான். போதாக்குறைக்கு, 2005-ல் அடிப்படை சர்வேயே மாறியது. அந்த இடத்தில் கோட்டை முறிக்காமல் வரைவது தப்பு.

பணவீக்கத்தையும் சேர்க்கணும். 1999-ன் 15,805 டாலர் 2009 விலையில் சுமார் 20,350. அதற்குக் கீழே எந்த எண் வந்தாலும், டாலரில் ஏறியிருந்தாலும் உண்மையில் இறக்கம்தான்.

இதெல்லாம் சரி செய்தாலும் ஒரு கேள்வி மிச்சம். இருபது வருடத்தில் ஊரில் ஆறில் ஒரு பங்கு ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். ஏழைக் குடும்பங்கள் வெளியேறினால், இருப்பவர்களுக்கு ஒரு டாலர்கூடக் கூடாமலே இடைநிலை ஏறும். வேலைக்குப் போகும் இளம் குடும்பங்கள் வெளியேறினால், யாருக்கும் ஒரு டாலர் குறையாமலே அது இறங்கும். அதோடு, இந்த வருமானக் கணக்கில் உணவு உதவியும் மெடிகெய்டும் சேராது. அதனால் அந்த உதவி வெட்டப்பட்டாலும் கோடு அசையாது.

இந்த எண்களை வைத்துத்தான் "திட்டம் பலித்தது", "அங்கே பணம் போடுவது வீண்" என்றெல்லாம் வாதிடுகிறார்கள். வரைபவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். மூன்று நான்கு கிடைக்கோட்டுத் துண்டுகள் போடுங்க, ஒவ்வொன்றும் தன் காலம் முழுக்க நீளட்டும். மேலும் கீழும் பிழை வரம்பு இருக்கட்டும். துண்டுகளை இணைக்காதீங்க. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் நாலாயிரம் பேர் உள்ள ஊரைப் பற்றி சர்வேக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.