‘லோக்கல்’ என்னும் சொல்லின் எல்லைகள்

இலத்தீனில் ‘இடம்’ எனப் பொருள்படும் ‘லோகுஸ்’ என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து, பிற்கால இலத்தீனில் ‘இடத்துக்குரிய’ என்ற பொருளில் ‘லோகாலிஸ்’ என்னும் பெயரடை தோன்றி, பிரெஞ்சு வழியாகப் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்து, அங்கிருந்து ரயில்வேயும் நகராட்சியும் நீதிமன்றமும் சுமந்துவர, தமிழ்ப் பேச்சில் ‘லோக்கல்’ என நிலைபெற்றது. ‘லோகுஸ்’ என்பதற்கு ‘ஸ்த்லோகுஸ்’ என்னும் பழைய வடிவம் உண்டு. அதனையும் வடமொழி ‘ஸ்தல’த்தையும் ஒரே வேரின் கிளைகளாகக் காட்டிய மொழியியலார் இருக்கின்றனர் எனினும், அவ்வுறவு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதன்று. ஏழாம் வேற்றுமையாகிய இடவேற்றுமைக்கு மேலைநாட்டு இலக்கணத்தார் வழங்கும் ‘லொக்கேட்டிவ்’ என்ற பெயரும், இடம்விட்டு இடம் பெயரும் ரயில் எஞ்சினுக்குரிய ‘லோக்கோமோட்டிவ்’ என்ற பெயரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இப்பெயரடைக்குத் தனக்கென்று ஓர் அளவு இல்லை. ‘இடத்துக்குரிய’ என்று மட்டும் சொல்லும் அது, அந்த இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்வதில்லை. எல்லையை வகுப்பவர் அதைப் பயன்படுத்துவோரே. தமிழில் இதற்கு ஒரே நிகர்ச்சொல் அமையாததற்கும் அதுவே காரணம் எனலாம். 1882ஆம் ஆண்டு ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானத்தின் பொருளான ‘லோக்கல் செல்ஃப் கவர்ன்மென்ட்’ என்னும் தன்னாட்சி முறை, முதலில் ‘ஸ்தல சுயாட்சி’ என்றும் பின்னர் ‘உள்ளாட்சி’ என்றும் தமிழாயிற்று. அதே பெயரடை மொழியாய்வில் ‘வட்டார’ என்றும், செய்தித்தாளில் ‘உள்ளூர்’ என்றும் வேறுவேறு முகம் கொள்கிறது.

மும்பையில் அது பெயரடையாகவே நில்லாமல் பெயர்ச்சொல்லாகிவிட்டது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாணேயிலும் வாழும் தமிழர்க்கு ‘லோக்கல்’ என்றால் புறநகர் மின்ரயிலே. ‘லோக்கல் பிடிக்கணும்’ என்பவரிடம் எந்த லோக்கல் எனக் கேட்கலாமே தவிர, லோக்கல் என்ன என்று கேட்பாரில்லை. ரயில்வே வழக்கில் இச்சொல் வழியிலுள்ள எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் வண்டியைக் குறித்தது. அப்பொருள் மும்பையில் உதிர்ந்துவிட்டது என்பதற்கு ‘ஃபாஸ்ட் லோக்கல்’ என்னும் தொடரே சான்று: மத்திய ரயில்வேயின் ஃபாஸ்ட் லோக்கல் மாட்டுங்காவிலும் தாராவியை அடுத்த சயானிலும் நிற்பதில்லை, தாணேயில் நிற்கிறது, ஆயினும் அது லோக்கலே. இடத்தின் எல்லையும் இங்கே வியப்பூட்டும் அளவுக்கு நீண்டுவிட்டது. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர் ஓடிய இந்தியாவின் முதல் பயணிகள் ரயில், ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குச் சென்ற வண்டி. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே தொடங்கிய மின்ரயில் சேவை பின்னர் விரிந்து விரிந்து, இன்று தாணேயையும் கடந்து, நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கசாராவரை செல்லும் வண்டியும் அதே பெயரைத் தாங்குகிறது. அன்றாடம் வேலைக்குப் போய்த் திரும்பக்கூடிய தொலைவு எதுவோ அதுவே ‘இடம்’ என்று உழைப்பவரின் நாள் அங்கே எல்லையை வகுத்திருக்கிறது.

சென்னையில் இச்சொல்லுக்கு நேர்ந்தது வேறு. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே வந்த மின்ரயில் ‘எலக்ட்ரிக் ட்ரெயின்’ என்றே பெரிதும் வழங்கிவர, ‘லோக்கல்’ தெருவில் இறங்கி மதிப்பீட்டுச் சொல்லாயிற்று. ‘லோக்கல் சரக்கு’ என்றால் பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரையில்லாத மட்டமான பொருள். ‘லோக்கலா பேசாதே’ என்றால் நாகரிகமின்றிப் பேசாதே என்று பொருள். அருகில் இருப்பது என்ற நடுநிலைப் பொருள், தாழ்ந்தது என்று சரிவதற்கு வர்க்கப் பார்வையே காரணம் என்று கொள்ளவேண்டியிருக்கிறது. ‘நாட்டு’ என்னும் அடை ‘நாட்டுக்கோழி’, ‘நாட்டுச் சர்க்கரை’ ஆகியவற்றில் மதிப்பில் உயர்ந்துவிட்ட காலத்திலும், அதற்கு ஏறக்குறைய இணையான இந்த இரவல் சொல் தாழ்வைச் சுமக்கிறது. ‘மாரி’ (2015) படத்தின் ‘தர லோக்கல்’ பாடலும், ‘மிஸ்டர் லோக்கல்’ (2019) என்னும் படத்தலைப்பும் அந்த இழிபெயரையே பெருமிதமாக எடுத்து அணிந்துகொண்டவை.

இவற்றைவிடக் கனமான பொருள் ஒன்று உண்டு. அது உரிமை பற்றியது. 1966 ஜூன் 19 அன்று பால் தாக்கரே தொடங்கிய சிவசேனை, பம்பாயின் வேலைவாய்ப்புகள் மண்ணின் மைந்தர்க்கே உரியவை எனக் கோரித் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ந்தபோது, இந்நகரத் தமிழர்முன் நின்றது ‘இவ்விடத்துக்குரியவர் யார்’ என்னும் வினாவே. சில இடங்களில் சட்டமே அதற்கு விடை வகுத்திருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 32ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த 371ஈ பிரிவும், அதன்கீழ் 1975இல் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணையும், ஆந்திரத்தில் ‘லோக்கல்’ விண்ணப்பதாரர் யார் என்பதை, ஒரு பகுதியில் தொடர்ந்து எத்தனை ஆண்டுகள் படித்தார் அல்லது வாழ்ந்தார் என்ற கணக்கைக் கொண்டு வரையறுத்தன. பட்டியல் சாதியினர் வகையில் அந்தப் பெயரடை சட்டத்தில் இல்லாவிட்டாலும் அதன் பொருள் செயல்படுகிறது: 341ஆம் பிரிவு ஒரு சாதியை ‘அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை’ மட்டுமே பட்டியலில் சேர்க்கிறது. பழங்குடிச் சான்றிதழோடு ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்குப் பெயர்ந்த குடும்பத்தின் மகன் ஒருவர் மருத்துவக் கல்லூரியில் இடம் கோரிய மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில், பிறப்பு மாநிலத்தின் தகுதி குடிபெயர்ந்த மாநிலத்துக்குத் தொடராது என்று, பட்டியல் சாதியினர்க்கும் பொருந்துமாறு, உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. ஒடுக்குமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பது அதன் அடிப்படை. ஆனால் தீண்டாமையிலிருந்து தப்பவும் பிழைப்புத் தேடியும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் உழைத்த ஆதிதிராவிடர்களின் வழித்தோன்றல்களுக்கு அத்தீர்ப்பின் விளைவு கடுமையானது. தாத்தாவின் ஊரில் செல்லும் சான்றிதழ், பேரன் பிறந்த நகரத்தில் செல்வதில்லை.

மும்பைத் தமிழர் பேச்சில் ‘உள்ளூர்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘லோக்கல்’ இயல்பாக அமர்ந்ததற்கும் இதனோடு தொடர்பு இருக்கக்கூடும். ‘உள்ளூர்’ என்னும் சொல்லுக்குள் ‘ஊர்’ இருக்கிறது. அவர்களோ விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கு ரயிலேறுவதைத்தான், அங்கே ஒருநாளும் குடியிருந்திராத தலைமுறையினரும்கூட, ‘ஊருக்குப் போறோம்’ என்கிறார்கள்.