'ஊருக்குப் போனவர்கள்': மலேசியத் தமிழ் எழுத்தில் ஒரு சொல்வழக்கும் ஒரு மௌனமும்

மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதுவோர் அதனைப் பெரும்பாலும் வருகையின் வரலாறாகவே தொடங்குகின்றனர். கப்பலில் வந்திறங்கியோர், காடழித்துப் பால்மரம் நட்டோர், சயாம் இரயில் பாதையில் மாண்டோர் என அவ்வரலாறு விரிகிறது. வந்தவர்களுள் பெருந்தொகையினர் திரும்பிச் செல்லுமாறு நெருக்கப்பட்டனர் என்னும் செய்தி அதில் ஓர் அடிக்குறிப்பின் அளவைத் தாண்டுவதில்லை. இக்கட்டுரை அந்த அடிக்குறிப்பைப் பற்றியது. 1969ஆம் ஆண்டினை ஒட்டித் தோட்டப்புறங்களிலிருந்து இந்தியாவுக்குச் சென்ற குடும்பங்களைக் குறிக்க நாம் வழங்கிவரும் 'ஊருக்குப் போனார்கள்' என்னும் தொடர் எதனை உணர்த்துகிறது, எதனை மறைக்கிறது என்பதைப் பேராக் மாநிலத்தை முன்வைத்து ஆராய்வதே இதன் நோக்கமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வாய்மொழித் தரவுகள் திரட்டச் சென்றிருந்தேன். பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்ட தோட்டம் அது. பழைய லயன் வீடுகளின் சிமெந்துப் படிகள் மட்டும் சில இடங்களில் எஞ்சியிருந்தன. அங்கு வாழ்ந்து, பின்னர் அருகிலுள்ள குடியிருப்புக்கு மாறிய மூதாட்டி ஒருவர் தம் குடும்பத்தைப் பற்றிக் கூறிவந்தார். மூத்த அண்ணனைப் பற்றிக் கேட்டபோது, "அண்ணன் ஊருக்குப் போயிருச்சுங்க சார்" என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். "ஊருதான் சார், நம்ம ஊரு" என்றார். அண்ணன் பிறந்தது அதே தோட்டத்தில். 1970இல் பினாங்கில் கப்பல் ஏறும்வரை அவர் தமிழகத்தைக் கண்டதில்லை என்பது அடுத்து நிகழ்ந்த உரையாடலில்தான் தெரியவந்தது. தாம் காணாத ஓரிடத்துக்கு ஒருவர் 'திரும்பிச்' சென்றார் என்பதில் உள்ள முரண் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. உண்மையில் எனக்கும் அன்று உடனே தோன்றவில்லை. ஒலிப்பதிவைப் பிறகு எழுத்தில் வடித்தபோதுதான் அத்தொடர் உறுத்தியது.

அச்சொல்வழக்கின் பின்னணியிலுள்ள சட்டநிலையை இங்குச் சுட்ட வேண்டும். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது, முதல் ஓராண்டில் விண்ணப்பித்தோர் மலாய்மொழித் தேர்வின்றிக் குடியுரிமை பதிந்துகொள்ள வாய்ப்பு இருந்தது. தோட்டப்புறத்தில் பலர் அவ்வாய்ப்பைத் தவறவிட்டனர். எழுத்தறிவின்மை, பிறப்புப் பத்திரம் இன்மை, ஓர் ஆவணத்தில் ஒரு பெயரும் மற்றோர் ஆவணத்தில் வேறொரு பெயரும் இருந்த குழப்பம், 'நம்மை யார் என்ன செய்யப் போகிறார்கள்' என்ற எண்ணம் எனக் காரணங்கள் பல. அவர்களிடம் நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டையே தங்கிவிட்டது. 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969இல் நடைமுறைக்கு வந்ததும், குடியுரிமையற்றோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெறவேண்டியதாயிற்று. சீட்டு கிடைக்காதோருக்கும், கிடைத்த சீட்டு புதுப்பிக்கப்படாதோருக்கும் தோட்டத்தில் பிழைக்க வழியில்லை. ரப்பர் விலை வீழ்ந்திருந்த காலம் அது. பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும் (1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார்) தொழிலாளர் வாழ்வை முன்னரே ஆட்டங்காணச் செய்திருந்தது. போதாக்குறைக்கு, அதே 1969இல் மே 13 கலவரமும் நிகழ்ந்தது. இச்சூழலில் நாட்டைவிட்டு நீங்கிய இந்தியர் ஏறத்தாழ 60,000 பேர் என்பதே ஆய்வுநூல்களில் பரவலாக வழங்கும் எண்ணிக்கையாகும்.

சட்டத்தின் நோக்கில் இஃது நாடுகடத்தல் அன்று. காவலர் எவரும் லயத்தின் கதவைத் தட்டவில்லை, விலங்கு பூட்டவில்லை. செக்ரோலில் பெயர் இல்லை என்று கிராணி சொன்னார், அவ்வளவே. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததாகையால், 'நாங்களாகத்தான் போனோம்' என்று அக்குடும்பங்கள் சொல்லிக்கொள்ளும் நிலை உருவாயிற்று. ஆணையிட்டவர் புலப்படாத ஆணை இது. இதனைச் சட்டச்சொல்லால் 'நாடுகடத்தல்' என அழைப்பது மிகை என்பாரும் உளர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. ஆயினும் 'ஊருக்குப் போதல்' என்பது அதனினும் பெரிய மிகை என்பதே என் கருத்து.

நம் வழக்கில் இவ்விரு சொற்களும் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன என்பதையும் நோக்கவேண்டும். 1941இல் கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில் முன்னின்ற ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு 'நாடுகடத்தப்பட்டார்' என்றே எழுதுகிறோம். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட நெருக்கடிகாலத்தில், தடுத்துவைக்கப்பட்டு வெளியேற்றப்பட்டோருக்கும் அதே சொல்லை வழங்குகிறோம். ஆனால் 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது கப்பலேற்றி அனுப்பப்பட்ட ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைப் பற்றிப் பேசும்போது அவர்கள் 'தாயகம் திரும்பினர்' ஆகிவிடுகின்றனர். விலை தேறியதும் 1934இல் மீண்டும் ஆள்சேர்ப்புத் தொடங்கிற்று என்பதையும் கருதினால், அங்குத் திரும்பியது யாருடைய தேவை என்பது விளங்கும். தலைவர் கடத்தப்படுகிறார், தொழிலாளி திரும்புகிறார். இப்பாகுபாடு வரலாற்றாசிரியரின் மொழியில் மட்டுமன்றி நம் புனைகதை மொழியிலும் படிந்துள்ளது.

குடும்பங்களுக்கு நேர்ந்ததை எண்ணும்போதுதான் இச்சொல்லின் போதாமை முழுமையாகப் புலப்படுகிறது. விடுதலை நாளுக்குப் பின், 1962ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு முன், இம்மண்ணில் பிறந்த குழந்தைகள் பிறப்பினாலேயே குடிமக்கள் ஆயினர். ஆகவே பெற்றோர் இருவரும் சிவப்பு அட்டையினராய் இருக்க, ஐந்தாம் ஆறாம் வகுப்பில் பயிலும் பிள்ளை இந்நாட்டுக் குடிமகனாய் இருத்தல் இயல்பாயிற்று. மேற்குறித்த மூதாட்டியின் அண்ணனுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தோர் இருவர் அக்காலப் பகுதியில் பிறந்தோர். மூதாட்டியோ மணவாழ்வின் வழியாக நீல அட்டை பெற்றவர். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரை ஓர் அட்டையின் நிறம் பிரித்தது. குடியுரிமை உடைய பிள்ளைகளை அஃது இல்லாத தந்தையோடு கப்பலேற்றியது. ஈப்போவிலிருந்து இரயிலில் பட்டர்வொர்த். அங்கிருந்து ஃபெர்ரியில் பினாங்கு. பின்னர் நாகப்பட்டினம், சென்னை வழித்தடத்தில் ஓடிய 'ரஜூலா' போன்ற கப்பல். போனவர்கள் அங்கே 'மலேயாக்காரர்' எனப்பட்டனர் என்று கடிதத்தில் எழுதியிருந்தாராம் அண்ணன். 'நம்ம ஊரு' அவரை வெளியூர்க்காரராகவே ஏற்றுக்கொண்டது.

இதனோடு இலங்கை மலையக மக்களின் அனுபவத்தை ஒப்பிடலாம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தலைமன்னாருக்குச் சென்ற இரயிலுக்கு அம்மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுப்புக்கும் அப்பெயர் அமைந்தது. சி. வி. வேலுப்பிள்ளை 'நாடற்றவர் கதை' எழுதினார். இழப்புக்கு உரிய பெயரை மக்களே சூட்டினர்; எழுத்தாளர் அதனை எடுத்தாண்டனர். பேராக்கில் அத்தகைய பெயர் ஏன் தோன்றவில்லை? மலையகத்தார் ஒப்பந்தத்தின் பெயரால் கூட்டங்கூட்டமாக அனுப்பப்பட்டனர். ஒரே நடைமேடையில் நின்று அழும் வாய்ப்பேனும் அவர்களுக்கு இருந்தது. இங்கோ இந்த மாதம் ஒரு குடும்பம், அடுத்த மாதம் மற்றொரு குடும்பம் என அனுமதிச் சீட்டின் தவணைக்கேற்பத் தனித்தனியே புறப்பட்டனர். தனித்துப் போகிறவருக்காக ஊர்கூடி ஒப்பாரி வைப்பதில்லை.

இலக்கியத்தில் நிலவும் மௌனத்துக்கு இது மட்டும் காரணமன்று. சயாம் இரயில்பாதைக் கொடுமையை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவலாக்கினர், அங்கிருந்து மீண்டோர் நம்மிடையே வாழ்ந்தனர், பேசினர், நம் நூல்களை வாசித்தனர். 1970இல் சென்றோர் நம் வாசகர் வட்டத்தைவிட்டே நீங்கினர். எஞ்சியோரே எழுதினர், எஞ்சியோருக்கு இந்நாட்டில் வேரூன்றுவதே பெருங்கவலையாய் இருந்தது. சென்றவர்களைப் பேசுவது தம் நிலையின் உறுதியின்மையைத் தாமே பேசுவதாகும் என்ற அச்சமும் இருந்திருக்கக்கூடும். சிறுகதைகளில் அடையாள அட்டைச் சிக்கல் தலைகாட்டாமல் இல்லை. எனினும் நான் படித்தவற்றுள் பெரும்பாலானவை கப்பலோடு முடிந்துவிடுகின்றன. கப்பல் புறப்பட்டதும் கதைசொல்லி கரையிலேயே நின்றுவிடுகிறான். ஆங்கிலத்தில் எழுதிய கே. எஸ். மணியம் தம் நாவலுக்குத் 'தி ரிட்டர்ன்' (1981) என்று பெயரிட்டது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கெடாவைக் களமாகக் கொண்ட அந்நாவலில் திரும்பிவருதல் என்பது இந்தியாவுக்கு அன்று. உரிமை கிட்டாத இம்மண்ணுக்கே.

நம் திறனாய்வாளர் இப்பொருளைப் பாலைத்திணையின் பிரிவாக விளக்க விழைவதுண்டு. வகுப்பறைக்கு அது வசதியானது. நானும் அவ்வாறு கற்பித்திருக்கிறேன். ஆனால் பொருள்வயிற் பிரிவுக்குக் கார்காலம் என்னும் எல்லை உண்டு. வருவான் என்று ஆற்றுவிக்கத் தோழி உண்டு. சிவப்பு அட்டைப் பிரிவுக்கு இரண்டும் இல்லை. பாரி மாண்டபின் பறம்பைவிட்டு நீங்கும் கபிலரின் கையறுநிலையே இதற்கு நெருக்கமானது. உயிரோடு இருந்தும் மலையை இழந்தவரின் நிலை அது.

என் தவற்றையும் இங்குக் குறித்தாக வேண்டும். வெளிநாட்டில் முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டில் இக்குடும்பங்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றே நெடுகக் குறித்திருந்தேன். புறத்தேர்வாளர் அதனை வினவவில்லை. அச்சொல்லை ஐயுறத் தொடங்கியது கம்போடிய அகதிக் குடும்பங்களைப் பற்றி வாசித்தபோதுதான். தாய்லாந்து முகாம்களில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா சேர்ந்த சிலர், 1996ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் கீழ்க் குற்றத் தண்டனையைக் காரணமாகக் கொண்டு, 2002ஆம் ஆண்டு உடன்பாட்டுக்குப்பின் கம்போடியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் அந்நாட்டை அதற்குமுன் கண்டதே இல்லை. அவர்களையும் அரசு ஆவணங்கள் 'திருப்பி அனுப்பப்பட்டோர்' என்றே குறித்தன. அந்நிலைமைகள் வேறு, ஆனால் சொல் ஒன்றே.

அச்சொல் பேராக்கிலும் ஓயவில்லை. 2021 பிப்ரவரி 23 அன்று, கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்தும், லூமுட் கடற்படைத் தளத்திலிருந்து 1,086 மியான்மார் நாட்டவர் அந்நாட்டுக் கடற்படைக் கப்பல்களில் அனுப்பப்பட்டனர். அவர்கள் தாமாக விரும்பியே திரும்புவதாக அதிகாரிகள் கூறினர். ஈப்போவிலிருந்து லூமுட் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும். அன்றைய செய்தியை வாசித்தபோது 'நாங்களாகத்தான் போனோம்' என்னும் பழைய தொடர் நினைவுக்கு வந்தது.

ஈப்போ அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் கிட்டியது. விலகிய காரணம் என்னும் பத்தியில், 1970ஆம் ஆண்டுக்கு நேராக, ஒரே ஆசிரியரின் அழகிய கையெழுத்தில் 'தாயகம் சென்றான்', 'தாயகம் சென்றாள்' என்று வரிவரியாக எழுதப்பட்டிருந்தது. பிறந்த இடத்துக்குரிய பத்தியில் பெரும்பாலோருக்குப் பேராக் என்றே இருந்தது. அவ்விரண்டு பத்திகளையும் சேர்த்துப் படிக்க அந்த ஆசிரியருக்கு நேரமிருந்திருக்காது; தொடர்ந்து பெயர் நீக்கும் வேலை இருந்தது. இன்று அப்பதிவேடுகள் பல கரையான் வாய்ப்பட்டுவருகின்றன. மூதாட்டியின் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய நீலநிற வான்அஞ்சல் மடல்கள் உள்ளன. அண்ணன் எழுதியவை. அவற்றுள் ஒன்றைப் படித்துக்காட்டச் சொன்னார். பிள்ளைகளின் படிப்பு, நெல் விலை, உடல்நலம் ஆகியவற்றுக்குப்பின், தாம் வெட்டிவந்த நிரையில் இப்போது யார் பால் வெட்டுகிறார், மரங்கள் பட்டை தேறினவா என்று அவர் கேட்டிருந்தார்.