செறிகருப்பு: பொதுச் சூத்திரமும் அதன் குறைகளும்

நான்கு வண்ண அச்சில் கருப்பு மையுடன் சயான், மெஜந்தா, மஞ்சள் மைகளையும் சேர்த்துப் பெறும் அடர்ந்த கருப்பே செறிகருப்பு. அச்சகங்களில் இது ரிச் பிளாக் எனப்படுகிறது. கருப்பு மையை மட்டும் 100 விழுக்காடு இட்டாலும், பெரிய பரப்பில் அது சற்று வெளிறிய சாம்பலாகவே தெரியும். பிற மைகளும் சேரும்போது கருமை ஆழமாகிறது.

சூத்திரத்தின் குறை

சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 என்னும் கலவை எல்லா வேலைக்கும் பொருந்துவதுபோல் கற்பிக்கப்படுகிறது. இதன் மொத்த மையளவு 240 விழுக்காடு. வழவழப்பான ஆர்ட் தாள் 300 வரை தாங்கும். செய்தித்தாளுக்கு 240 என்பதே ஏறத்தாழ உச்சவரம்பு. வரம்பு மீறினால் மை உலராது. அடுக்கில் மேலே விழும் தாளின் பின்புறத்தில் ஒட்டும். படத்தின் நிழற்பகுதிகள் அடைபட்டுப்போகும். ஆகவே தாளைக் கேட்காமல் சொல்லப்படும் எந்தச் சூத்திரமும் அரைகுறையானதே.

திரை காட்டும் பொய்

ஃபோட்டோஷாப்பில் அமெரிக்க ஸ்வாப் வண்ண விவரக்கோப்பின்படி, ஆர்ஜிபி படத்தின் முழுக்கருப்பு 75, 68, 67, 90 என மாறும்; மொத்தம் 300. அப்படத்தை ஒட்டி, பக்க வடிவமைப்பில் கருப்பு மை மட்டும் கொண்ட பட்டை வைக்கப்பட்டால், திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இன்டிசைன், இல்லஸ்டிரேட்டர் ஆகியவை இயல்பமைப்பில் எல்லாக் கருப்பையும் செறிகருப்பாகவே காட்டுவது இதற்குக் காரணம். அச்சில் படம் கருமையாகவும் பட்டை சாம்பலாகவும் பிரிந்து நிற்கும். ஆயிரம் படிகள் அச்சான பிறகு இதைத் திருத்த வழியில்லை. கருப்பைத் துல்லியமாகக் காட்டும் அமைப்பைத் தேர்ந்து, பட்டைக்கும் படத்தின் எண்களையே கொடுப்பது தீர்வு.

எழுத்துகள்

சிறிய எழுத்துகளுக்குச் செறிகருப்பு கூடாது. நான்கு தகடுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் எழுத்தோரத்தில் வண்ண நிழல் படியும். செறிகருப்பின்மேல் வெள்ளையாக விடப்படும் தமிழ் எழுத்துகளின் மெல்லிய கோடுகளும் சுழிகளும் மங்கும். நான்கு மையும் 100 ஆகும் பதிவு வண்ணம் வெட்டுக்குறிகளுக்கு மட்டுமே உரியது.

மதிப்பீடு

செறிகருப்பு பயனுள்ள உத்தி என்பதில் ஐயமில்லை. அதை மனப்பாட எண்களாகக் கற்பிப்பதே குறை. அச்சகத்திடம் தாளின் வகை, மையளவு வரம்பு, வண்ண விவரக்கோப்பு ஆகிய மூன்றையும் கேட்டறிந்த பின்னரே படத்தை மாற்ற வேண்டும். மூல ஆர்ஜிபி கோப்பையும் தனியே பாதுகாக்க வேண்டும்.