கண்ணைக் கட்டி நூறு கஜம்

விளையாட்டுப் படத்துக்குக் கையில் காசு குறைவு என்றால், இருப்பதை எதில் போடுவது? ஆடுகிறவரின் உடம்பில்தான். இதற்குப் பெரிய சாட்சி ‘ஃபேஸிங் தி ஜயன்ட்ஸ்’ (2006). அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரிலுள்ள ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபை எடுத்த படம் அது. செலவு சுமார் 1 லட்சம் டாலர். சபைப் போதகர் அலெக்ஸ் கெண்ட்ரிக், தம்பி ஸ்டீபனோடு சேர்ந்து எழுதினார். இயக்கியதும் பயிற்சியாளராக நடித்ததும் அவரே. தொழில் தெரிந்த சிலரைத் தவிர, திரையிலும் திரைக்குப் பின்னாலும் உழைத்தது சபை மக்கள். வசூல் 1 கோடி டாலரைத் தாண்டியது.

அதில் ஒரு பயிற்சிக் காட்சி. தோற்றே பழகிய பள்ளி அமெரிக்கக் கால்பந்து அணி. பிராக் என்ற பையனின் கண்ணைக் கட்டி, முதுகில் இன்னொரு பையனை ஏற்றி, முழங்கால் தரையில் படாமல் தவழச் சொல்கிறார் பயிற்சியாளர். பாதி மைதானம் போனாலே பெரிது என்பது பையனின் கணக்கு. பயிற்சியாளர் பக்கத்திலேயே தரையோடு தரையாக நகர்ந்து, விடாதே, விடாதே என்று கத்துகிறார். உட்கார்ந்து வேடிக்கை பார்த்த சக வீரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்கிறார்கள். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் மறுகோடி! நிரம்பிய அரங்கம் வேண்டாம், ஸ்கோர் போர்டு வேண்டாம். நடுங்கும் தோளும் வியர்வையும் போதும்.

இதே படத்தின் இறுதிப் போட்டி என்னை அந்த அளவுக்கு அசைக்கவில்லை. 51 கஜத் தூரத்திலிருந்து உதைக்க வேண்டும். எதிர்க்காற்று அந்த நேரம் பார்த்துத் திசை மாறுகிறது. விசுவாசிகளுக்கு அது பதில் கிடைத்த ஜெபம், அதை மதிக்கிறேன். ஆனால் ஆட்டமாகப் பார்த்தால், பையனின் காலுக்குச் சேர வேண்டிய பெருமையில் பாதியைக் காற்று வாங்கிக்கொண்டது.

நம் பக்கம் வருவோம். திருச்சிக்கு மேற்கே, காவிரிக் கரைக் குளித்தலையைக் கதைக்களமாகக் கொண்ட ‘கனா’ (2018). இயக்கம் அருண்ராஜா காமராஜ், தயாரிப்பு சிவகார்த்திகேயன். திருச்சிக் கல்லூரிக் காலத்து நண்பர்கள். சபைப் படம் அல்ல, செலவும் அந்த அளவு சிறியதல்ல. ஆனால் பாடம் ஒன்றே. கிரிக்கெட் பழக்கமே இல்லாத ஐஸ்வர்யா ராஜேஷ் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து ஆஃப் ஸ்பின்னர் கௌசல்யா ஆனார். சுழற்பந்தில் ஏமாற்ற முடியாது. முன்கால் ஊன்றுவதும் தோள் சுற்றுவதும் பொய்யானால் தெருவில் ஆடுகிற பொடியன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். கௌசல்யா ஓடிவந்து வீசும்போது அந்தச் சந்தேகம் எனக்கு எழவில்லை.

இப்படியொரு படத்தைத் திருச்சியில் ஒரு பங்கோ கல்லூரியோ எடுக்க முடியுமா? தாராளமாக முடியும். 1883 முதல் திருச்சியில் இயங்கும் புனித வளனார் கல்லூரி இருக்கிறது, பிஷப் ஹீபர் இருக்கிறது. ஓடி ஆடிப் பழகிய பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. உடல்மொழி சொல்லித்தர, திருச்சி கத்தோலிக்க மறைமாவட்டம் நடத்தும் கலைக் காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. நடிகரைத் தேடிப்பிடித்து ஆடப் பழக்குவதைவிட, ஆடுகிற பிள்ளையை நடிக்கப் பழக்குவதே செலவு குறைந்த வழி.

மைதானத்துக்கு வாடகையும் வேண்டாம். கோடையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் பக்கம் ஆறு வற்றினால் மணல்தான். கணுக்கால் புதையும் அந்த மணலில் ஒருவனைச் சுமந்துகொண்டு ஐம்பது அடி நடந்தால் போதும், மூச்சு வாங்குவதை யாரும் நடிக்கத் தேவையில்லை. உச்சி வெயிலில் கால் வைக்க முடியாது என்பதால் காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் எடுக்க வேண்டும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் தண்ணீர் வந்துவிடும். மணல் காட்சிகளை மே மாதத்திலேயே முடித்துவிடுவது நல்லது.