பழைய தூண்கள்

ஹார்ப்பர் லீ எழுதி 1960-இல் வெளிவந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் வரும் கோர்ட்டுக் கட்டடத்தைக் கவனிக்க வேண்டும். அலபாமாவில் மேகோம்ப் என்ற கற்பனை ஊர். 1856-இல் பழைய கோர்ட்டு எரிந்தபோது தூண்கள் மட்டும் மிஞ்சின. அவற்றை விட மனமில்லாமல், அவற்றோடு சேர்த்தே புதியதைக் கட்டிக்கொண்டார்கள். சட்டமும் அப்படித்தான்.

உள்ளே கறுப்பர்களுக்கென்று தனி மாடம். டாம் ராபின்ஸனின் விசாரணையன்று வக்கீல் ஆட்டிகஸின் குழந்தைகளுக்கும் அங்கேதான் இடம் கிடைக்கிறது. நான்கு பேர் எழுந்து முன்வரிசையைக் கொடுக்கிறார்கள். ஒதுக்கிவைக்கக் கட்டிய இடத்திலிருந்துதான் அநியாயம் முழுவதும் தெரிகிறது. தோற்ற வக்கீல் வெளியேறும்போது மாடமே எழுந்து நிற்கிறது.

அற்புதமான காட்சி. ஆனாலும் ஒரு குறை: எழுந்து நின்றவர்கள் அதிகம் பேசவில்லை. நாவலிலும் அவர்களுக்குக் கிடைத்தது மாடந்தான்.