எட்டு இழைகளின் வரிசை
பிறருடைய இணையத்தளங்களைத் தம் கணினிகளில் குடிவைத்து இரவும் பகலும் இயக்கித்தரும் வெப் ஹோஸ்டிங் தொழிலில், கண்ணுக்கு எளிதில் படாததும் பார்க்கப் பார்க்க அலுக்காததும் சர்வர் அடுக்குகளின் பின்புறத்துக் கேபிள் வேலையாகும். சிங்கப்பூரில் ஜாலான் புசார் 10ஆம் எண்ணில் நிற்கும் சிம் லிம் டவரின் மின்னணுக் கடைகளில் விற்கும் இத்தகைய கேபிளின் மேலுறையை உரித்தால், இரண்டிரண்டாக முறுக்கிய எட்டு மெல்லிய செம்புக் கம்பிகள் வெளிப்படுகின்றன; அவற்றின் முறுக்கை விரல் நுனியால் நீவி நிமிர்த்தி, வெள்ளை ஆரஞ்சில் தொடங்கிப் பழுப்பில் முடியும் வரிசையில் படுக்கவைத்து, நுனிகளை ஒரே வெட்டில் சமன்செய்து, ஆர்ஜே45 எனப்படும் கண்ணாடி போன்ற முனைக்குள் செலுத்திக் குறட்டால் அழுத்துகையில் எழும் ‘கடக்’ என்னும் சிற்றொலி, பழகிய காதுக்கு வேலை முடிந்ததைச் சொல்லிவிடும். பச்சை இணையைப் பிரித்து நடுவே நீலம் புகுவது ஏன் என்று புதிதாகக் கற்போர் முணுமுணுப்பதும் உண்டு.

இதனினும் பொறுமை கேட்பது, கேபிள்களை அடுக்கில் படியவைப்பதே. கடித்து இறுக்கும் பிளாஸ்டிக் பட்டைகளை விடுத்து, ஒட்டிப் பிரிக்கத்தக்க வெல்க்ரோ நாடாவால் விரல் நுழையும் அளவுக்கே தளர்வாகக் கட்டி, வளைவு மடிப்பாகிவிடாமல் வாரிய கூந்தல்போல் இறக்கி, இரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டும் கை, என்றோ ஒரு நள்ளிரவில் விசிறிகளின் இரைச்சலுக்கும் குளிருக்கும் நடுவே கைவிளக்குடன் அதே கம்பியைத் தேடிவரக்கூடிய இன்னொருவருக்காக எழுத்துகளைச் சற்றுப் பெரிதாகவே எழுதுகிறது.